முதியோர் இல்லத்தில் ஒரே நேரத்தில் பலருக்கு வயிற்றோட்டம்: எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (திருகோணமலை)

உப்புவெளி_மலர் (ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடைய பெரியம்மா திருகோணமலையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பெயர் சொல்லப் போவதில்லை. நல்ல மனம் உள்ளவர்கள் நடத்துகிற இடம், ஆள் பற்றாது, காசும் பற்றாது. இன்று விடியப்புறத்திலிருந்து அங்கே பலருக்கு வயிற்றோட்டம். சிலருக்குச் சத்தி, சிலருக்குக் காய்ச்சல்.

நேற்று மத்தியானம் ஒரு குடும்பம் தங்கள் தகப்பனாரின் நினைவு நாளுக்காகச் சாப்பாடு கொடுத்திருந்தது. சோறு, கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். வயிற்றோட்டம் தொடங்கியதும் எல்லோருடைய வாயிலும் ஒரே பேச்சு: அந்தக் கோழிக்கறிதான். ஆனால் பெரியம்மா சுத்த சைவம். கோழிச் சட்டி இருக்கிற பக்கமே போகமாட்டார். அவருக்கும் இன்று காலையிலேயே தொடங்கிவிட்டது.

பார்க்கப் போனபோது வயிற்றைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. என்னை என் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தேத்தண்ணியைத் தள்ளிவிட்டார். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இருப்பது மாதிரித் தெரியவில்லை. சீலையை மாற்றும்போதுதான் விஷயம் விளங்கியது.

இல்லத்தில் இருப்பவர்கள் வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். பதிவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயம். இதை யார் தேடுவார்கள்? எப்படித் தேடுவார்கள்? நாங்கள் இன்றிரவே செய்யக்கூடியது என்ன?

---

ஓய்வுபெற்ற_பீஎச்ஐ

பிள்ளை, முதலில் உயிர், அப்புறம் துப்பு. வயதானவர்களின் உடம்பில் தண்ணீர் இருப்பு குறைவு. ஜீவனி என்கிற உப்பு-சீனித் தூள் பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் கரைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரஷர் குளிசை, சலம் போகிற குளிசை, சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோர்மின் எடுப்பவர்கள் இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றின நேரத்தில் பிரஷர் குளிசையும் சலக் குளிசையும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், சிறுநீரகம் தளர்ந்தால் மெற்ஃபோர்மின் உடம்பில் தேங்கி ஆபத்தாகலாம். பெரியம்மா ஆள் தடுமாறிக் கதைக்கிறார் என்றால் காலை வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பொது வைத்தியசாலைக்கு இப்போதே கொண்டு போங்கள்.

அடுத்தது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். நஞ்சான உணவால் வருகிற நோய் எங்கள் நாட்டில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற கடமை இது. நோயாளியைப் பார்க்கிற வைத்தியர் எச் 544 என்கிற அறிவித்தல் படிவத்தை நிரப்பி அனுப்பினால், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீஎச்ஐ) வீடு தேடி வருவார். ஆய்வுகூட முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, சந்தேகமே போதும். அந்தப் படிவம் யாரையும் தண்டிக்கிற தாள் இல்லை என்பதை இல்லத்துப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். என் சேவைக் காலத்தில் மறைத்த இடங்களில்தான் இரண்டாவது, மூன்றாவது ஆள் என்று போய்ச் சிக்கல் பெருத்தது.

மூன்றாவது, இன்றிரவு யாரும் சட்டி பானை கழுவ வேண்டாம். மிச்சம் மீதி எது இருந்தாலும் சுத்தமான போத்தலில் போட்டு, பெயரும் நேரமும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவைக்கிற பெட்டியில் வேண்டாம்.

அப்புறம் ஒரு கொப்பி எடுங்கள். ஆள் ஒன்றுக்கு ஒரு வரி: எந்த அறை, எந்தக் கட்டில், ஆணா பெண்ணா, வயது, முதல் அறிகுறி எப்போது, என்ன அறிகுறி, வெள்ளி இரவிலிருந்து ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டார், யார் அவரைக் கழுவித் துடைக்கிறார். இதில் ஒன்றை மறக்க வேண்டாம்: வருத்தம் வராதவர்களையும் எழுத வேண்டும். சமையல் ஆட்கள், காவலாளி, எல்லோரும். வருத்தக்காரரை மட்டும் எழுதினால் அந்தக் கொப்பி ஒன்றும் சொல்லாது.

---

நிலாவெளி_தம்பி

அக்கா, உங்கள் பெரியம்மா சுகமாக வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்களும் அம்மா இறந்த நாளில் ஒவ்வொரு வருடமும் இப்படி ஒரு இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறோம். விடிய 4 மணிக்கு அடுப்பு மூட்டி, வீட்டுப் பெண்கள் எல்லோரும் நின்று சமைப்பது. இப்படி ஒரு பேச்சு வந்தால் அடுத்த வருடம் யார் கொடுப்பார்கள்? ஆதாரம் இல்லாமல் அந்தக் குடும்பத்தின் மேல் பழி போடுவது சரியில்லை.

---

ஸ்காபரோ_தாதி

மலர், நான் பிறந்தது உவர்மலை. இங்கே ரொறன்ரோவில் நீண்ட காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை. உங்கள் பெரியம்மாவைப் பற்றி எழுதியதை வாசித்ததும் நெஞ்சு பதறிவிட்டது. ஏனென்றால் முதியவர்களுக்குத் தொற்று வருவது பெரும்பாலும் அப்படித்தான். காய்ச்சல் காயாது. ஆள் குழம்புவார், விழுவார், சாப்பாட்டைத் தள்ளுவார், வழக்கமாக நடக்கிறவர் கட்டிலோடு கிடப்பார். அதனால் காய்ச்சலுக்கு நாங்கள் வைக்கிற அளவே வேறு: வாயில் அளந்து 37.8 பாகைக்கு மேல் ஒருமுறை போனாலே கவனிப்போம். அல்லது அந்த ஆளின் வழக்கமான சூட்டைவிட 1.1 பாகை கூடினாலும் கவனிப்போம். வழக்கமான சூடு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் இது சரிவரும்.

இங்கே 48 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்கு வயிற்றோட்டம் வந்து, இருவருக்கும் ஏதோ தொடர்பு இருந்தாலே பொதுச் சுகாதாரத்துக்கு அழைப்புப் போகும். இருபது பேர் படுக்கும்வரை பார்த்திருப்பதில்லை.

இன்றிரவுக்கான வேலை: வருத்தக்காரரை ஒரு பக்கத்து அறைகளுக்குக் கொண்டு போங்கள். அவர்களைப் பார்க்கிற ஆள் மற்றப் பக்கத்துக்குப் போகக்கூடாது. பம்பஸ் மாற்றினால் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும்தான், கையில் தடவுகிற ஜெல் மட்டும் போதாது. சில பக்டீரியாக்கள் வித்துகளாக இருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கன நாள் எடுத்தவர்களுக்கு வருகிற குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் அப்படித்தான், அதை அல்கஹோல் கொல்லாது. கட்டில் சட்டம், கதவுப் பிடி, கக்கூஸ் இருக்கை எல்லாவற்றையும் முதலில் கழுவி, பிறகு குளோரின் கரைசலால் துடையுங்கள். கடையில் வாங்குகிற 5 வீதக் குளோரின் திரவம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர். அன்றன்றைக்குப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

---

பாலையூற்று_வாசி

சாப்பாட்டை மட்டும் பார்க்கிறீர்கள். தண்ணீரை யாரும் பார்க்கவில்லையே? மழை பெய்து ஓய்ந்த நேரம். கிணறும் மலக்குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற காணிகள் எங்கள் பக்கம் எத்தனை இருக்கின்றன.

---

ஓய்வுபெற்ற_பீஎச்ஐ

நல்ல கேள்வி, அதையும் சோதிக்கத்தான் வேண்டும். குழாய்த் தண்ணீரோ குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரோ, அதில் எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சந்தேகம் வரும். பரிசோதகரின் பையில் அதற்கான சிறு கருவி இருக்கும், சில நிமிட வேலை. ஆனால் கொப்பியே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். தண்ணீர் என்றால் பெரும்பாலும் ஆட்கள் ஒரே நாளில் குவிந்து விழமாட்டார்கள், பல நாட்களாகப் பரந்து விழுவார்கள். அதே தண்ணீரைக் குடிக்கிற வேலையாட்களும் விழுவார்கள்.

நிலாவெளித் தம்பிக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. நேரத்தைப் பாருங்கள். சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்தில் சத்தி தூக்கலாக வந்தால் ஸ்டஃபிலோகொக்கஸ் விட்ட நஞ்சு, அல்லது ஆறிப்போன சோற்றில் வளருகிற பசிலஸ் செரியஸ். 6 முதல் 24 மணிக்குள் வயிற்று வலியும் வயிற்றோட்டமும், காய்ச்சல் இல்லை என்றால் பெரிய கிடாரத்தில் சமைத்து மெதுவாக ஆறின இறைச்சிக் கறியில் வருகிற குளொஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜன்ஸ். 6 முதல் 72 மணிக்குள், காய்ச்சலோடு என்றால் சல்மோனெல்லா மனதில் வரும். 12 முதல் 48 மணிக்குள் சத்தியோடு வந்து மற்றவர்களுக்கும் வேகமாகப் பரவினால் அது பக்டீரியாவே இல்லாமல் நோரோவைரஸாகவும் இருக்கலாம்.

இனிக் கணக்கு. இது உதாரணத்துக்கு நானே போட்ட எண்கள். ஓர் இல்லத்தில் 40 பேர், 20 பேருக்கு வருத்தம். கோழிக்கறி சாப்பிட்ட 24 பேரில் 12 பேருக்கு வந்தது, சாப்பிடாத 16 பேரில் 8 பேருக்கு வந்தது. இரண்டிலும் சரிபாதி. அப்படியென்றால் கோழிக்கறியை விட்டுவிடலாம். இன்னொரு உணவைச் சாப்பிட்ட 30 பேரில் 18 பேருக்கு வந்தது, சாப்பிடாத 10 பேரில் 2 பேருக்கு மட்டும். 60 வீதமும் 20 வீதமும், மூன்று மடங்கு வித்தியாசம். தேட வேண்டியது அந்த உணவைத்தான். கோழிக்கறி சாப்பிட்டவர்கள் பலர் படுத்துவிட்டார்கள் என்ற பேச்சு மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

---

உப்புவெளி_மலர் (செவ்வாய் பின்னேரம்)

பெரியம்மா வாட்டில் இருக்கிறார். சேலைன் ஏறுகிறது. இன்று என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

வைத்தியசாலையிலிருந்தே அறிவித்தல் போய், பரிசோதகர் நேற்றே வந்துவிட்டார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்தோம். வந்து முதலில் கேட்டது தேத்தண்ணி குடித்தீர்களா என்பது. அப்புறம் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று பென்சிலால் பெட்டி பெட்டியாக வரைந்தார். ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி, வருத்தம் தொடங்கிய நேரத்தின்படி. ஞாயிறு விடியப்புறத்திலிருந்து இரவு வரை பெட்டிகள் உயரமாக ஏறி, திங்கள் மத்தியானத்தோடு இறங்கின. இது ஒரே வேளைச் சாப்பாட்டில் வந்தது என்றார்.

அப்புறம் மத்தியானச் சாப்பாடா இராச் சாப்பாடா என்று பிரித்துப் பார்த்தோம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஐயா கிளினிக் போய் வரப் பிந்தி, நினைவு நாள் சாப்பாட்டைச் சாப்பிடவே இல்லை. இரவு மட்டும் சாப்பிட்டார். அவருக்கும் வருத்தம். கஞ்சி மட்டும் குடிக்கிற மூன்று பேருக்கு ஒன்றும் இல்லை. இரவு மற்ற எல்லோருக்கும் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சொதி கொதித்தது. சம்பல் கொதிக்காதது.

பரிசோதகர் வெட்டுப் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் பள்ளமாகத் தேய்ந்து, கத்தி விழுந்த கோடுகளுக்குள் கறுப்பாக இருந்தது. ஒரே பலகை. ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு வாங்கிய பச்சைக் கோழியைச் சனி பின்னேரம் அதில் வெட்டியிருக்கிறார்கள். அதே பலகையில்தான் சம்பலுக்கு வெங்காயமும் மிளகாயும் அரிந்தது. இடித்து வைத்த சம்பல் இராச் சாப்பாடு வரைக்கும் மேசையில் இருந்திருக்கிறது.

சம்பல் பாத்திரம் ஞாயிறு காலையிலேயே கழுவியாகிவிட்டது. அதனால் உணவு மாதிரி இல்லை. மல மாதிரிகள் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

---

நிலாவெளி_தம்பி

அந்தக் குடும்பத்துக்கு யாராவது இதைச் சொன்னீர்களா? அவர்கள் இந்த இரண்டு நாளும் எப்படி நித்திரை கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

---

உப்புவெளி_மலர்

நேற்று இரவு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா அழுதுவிட்டார்.

---

ஆய்வுகூட_மேசை

நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், கிழக்கில்தான் வேலை. மாதிரி பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பாதித் துப்பு எங்களிடம் வருவதற்கு முன்பே செத்துவிடுகிறது.

நுண்ணுயிர்க்கொல்லி முதல் வேளை கொடுப்பதற்கு முன்பு மலம் எடுக்க வேண்டும். எடுத்ததை வெயிலில் முச்சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு அலையக்கூடாது. உடனே சேர்க்க முடியாவிட்டால் கரி பிளெயர் என்கிற, கிருமி சாகாமல் காக்கிற ஊடகக் குழாயில் பஞ்சுக் குச்சியைப் போட்டு, குளிர்ப்பெட்டியில் அனுப்ப வேண்டும். எல்லோரிடமும் எடுக்கத் தேவையில்லை. புதிதாக வருத்தம் தொடங்கின ஐந்தாறு பேர் போதும்.

எங்களிடம் வந்ததும் எக்ஸ்எல்டி என்ற, கிருமி வளர்க்கிற சிவப்புத் தட்டில் பரப்பி ஒரு இரவு 37 பாகையில் வைப்போம். சல்மோனெல்லா என்றால் காலையில் நடுவில் கரும்பொட்டு வைத்த சிறு வட்டங்கள் தெரியும். அது போதாது. வேறு கிருமிகளும் அப்படித் தோன்றும், அதனால் இன்னும் சோதனைகள். சந்தேகம் இல்லாமல் சொல்ல இரண்டு மூன்று நாள் பிடிக்கும். வகை பிரிக்கக் கொழும்பு பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ஆகவே, அறிக்கை ஏன் பிந்துகிறது என்று இல்லத்துக்காரர் கோபப்பட வேண்டாம். தடுக்கிற வேலை அறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இடையில் ஒன்று. மழைக்காலத்தில் இல்லங்களில் சீனி வருத்தக்காரர் இரண்டு மூன்று பேருக்கு அடுத்தடுத்துக் கடும் காய்ச்சலும் நியூமோனியாவும் வந்தால் மெலியோய்டோசிஸையும் நினைவில் வையுங்கள். மண்ணிலும் சேற்றுத் தண்ணீரிலும் இருக்கிற பக்டீரியா, இலங்கையில் இருக்கிறது. ஆளிலிருந்து ஆளுக்கு அது பரவுவது மிக அரிது, ஆனால் ஒரே காணியின் மண்ணும் தண்ணீரும் பலரைத் தொடலாம். தெரியாதவர் கையில் அது சாதாரண மாசு என்று தள்ளிவிடப்படும். இது உங்கள் இல்லத்துப் பிரச்சினை இல்லை, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன்.

---

உப்புவெளி_மலர் (வெள்ளி)

நான்கு பேரின் மாதிரியில் சல்மோனெல்லா என்று வந்திருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு தலையிடி. பெட்டிகள் இறங்கி முடிந்தன என்று நினைத்தால், புதனும் வியாழனும் பின்பக்க அறைகளில் இன்னும் சிலருக்குத் தொடங்கியிருக்கிறது. அதில் இருவர் கஞ்சி மட்டும் குடிக்கிறவர்கள், சம்பலைத் தொடாதவர்கள். அப்போ நாங்கள் கண்டுபிடித்தது பிழையா?

---

ஸ்காபரோ_தாதி

பிழை இல்லை மலர். முதல் குவியல் சாப்பாட்டால் வந்தது, பின்னால் வந்த வால் பகுதி பராமரிக்கிறவர்களின் கையால் பரவியது. 1985இல் இதே ஒன்ராறியோவில் லண்டன் நகரத்து இல்லம் ஒன்றில் ஈ கோலை ஓ157 என்கிற பக்டீரியா வந்தபோது நடந்தது அச்சாக இதுதான். சான்ட்விச் சாப்பிட்டவர்கள் முதலில் விழுந்தார்கள், பிறகு ஆளிலிருந்து ஆளுக்குப் போனது. 169 முதியவர்களில் 55 பேருக்கு வந்து 19 பேர் இறந்தார்கள். வேலையாட்களில் 18 பேருக்கும் தொற்றியது.

இந்தப் புதிய ஆட்களைக் கழுவித் துடைக்கிறவர் யார் என்று கொப்பியின் கடைசி வரிசையைப் பாருங்கள். ஒரே ஆளாக இருக்கக்கூடும். அவரைத் திட்ட வேண்டாம். ஒருவர் இரவு முழுக்கப் பத்துப் பேருக்குப் பம்பஸ் மாற்றினால், அறைக்குள் கை கழுவ இடமும் இல்லை என்றால், கை கழுவ நேரம் எங்கே? இரண்டு அறைக்கு ஒரு குழாய் வாளியும் சவர்க்காரமும் வைத்தால் அதுதான் மருந்து. வயிற்றோட்டம் வந்த வேலையாட்கள் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வேலைக்கு வரக்கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் வெட்டினால் வருத்தத்தை மறைத்துக்கொண்டு வருவார்கள், அதையும் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள்.

முதல் பதிலோடு தேடலை நிறுத்தக்கூடாது என்பதற்கு இன்னொன்று. 2005இல் இங்கே ஸ்காபரோவிலேயே செவன் ஓக்ஸ் இல்லத்தில் நியூமோனியா பரவி 23 பேர் இறந்தார்கள். தொடக்கத்தில் எல்லாச் சோதனையும் ஒன்றும் இல்லை என்றே வந்தது, லெஜியோனெல்லா என்கிற பக்டீரியாவுக்கான சிறுநீர்ச் சோதனை உட்பட. இறந்தவர்களின் நுரையீரல் துண்டைப் பார்த்த பிறகுதான் அது லெஜியோனெல்லா என்று தெரிந்தது. குளிரூட்டும் கோபுரத்துத் தண்ணீரில் வளர்ந்து காற்றோடு வந்திருக்கிறது. ஒரு சோதனை இல்லை என்று சொன்னதோடு விட்டிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

---

பாலையூற்று_வாசி

சமையல் அக்காவை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

---

உப்புவெளி_மலர்

அப்படி ஒரு கதை நிர்வாகக் கூட்டத்தில் வந்தது. அவருடைய மாதிரியிலும் கிருமி இருந்தது என்பதால். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

---

ஓய்வுபெற்ற_பீஎச்ஐ

இதைக் கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டுங்கள். சமையல் ஆளின் மலத்தில் கிருமி இருந்தால் அவர்தான் கொண்டு வந்தார் என்று ஆகாது. அவரும் அதே சம்பலைத்தான் சாப்பிட்டார். அவருக்கு எப்போது தொடங்கியது என்று பாருங்கள். மற்றவர்களோடு சேர்ந்து ஞாயிறுதான் என்றால் அவரும் பாதிக்கப்பட்டவர். சனிக்கு முன்பே வயிற்றோட்டம் இருந்திருந்தால்தான் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். வருத்தம் மாறின பிறகும் சல்மோனெல்லா சில கிழமைகளுக்கு மலத்தோடு போய்க்கொண்டிருக்கும். அதுவரை அவர் சமையலைத் தொடாமல் வேறு வேலை செய்யட்டும். எப்போது திரும்பலாம் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி சொல்வார்.

1984இல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் நகரத்து ஸ்டான்லி ரோய்ட் மருத்துவமனையில் இதே சல்மோனெல்லாவால் 19 பேர் இறந்தார்கள். சமைத்த மாட்டிறைச்சி குளிர்ப்பெட்டிக்கு வெளியே மணிக்கணக்காகக் கிடந்திருக்கிறது. பகிரங்க விசாரணை வைத்தார்கள். அதுவரை அரச மருத்துவமனைச் சமையலறைகள் மீது உணவுச் சட்டப்படி வழக்குப் போட முடியாது. அந்த விலக்கை அதன் பிறகு எடுத்துவிட்டார்கள். ஒரு சமையல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் அது நடந்திருக்குமா? உங்கள் இல்லத்தில் ஒரே ஒரு பலகைதான் இருந்தது. அதை வாங்கிக் கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு என்று கூட்டத்தில் கேளுங்கள்.

---

நிலாவெளி_தம்பி

பலகை நான் வாங்கித் தருகிறேன் அக்கா. இறைச்சிக்குச் சிவப்பு ஒன்று, மரக்கறிக்குப் பச்சை ஒன்று, இரண்டு கத்தியோடு. ஐயா, அம்மாவின் நாள் அடுத்த மாதம் வருகிறது. சாப்பாடு கொண்டு போகும்போது நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

---

ஓய்வுபெற்ற_பீஎச்ஐ

தம்பி, கட்டாயம் கொடுங்கள். விடிய 4 மணிக்குச் சமைக்க வேண்டாம், பிந்திச் சமையுங்கள். சமைத்ததும் மூடிச் சூடாகவே கொண்டு போங்கள், பரிமாறும்வரை 60 பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது. அதற்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை இரவுக்கு என்று விட்டுவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு கறியிலும் ஒரு சிறு போத்தல் எடுத்து, திகதி எழுதி, இல்லத்துக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வைக்கச் சொல்லுங்கள். யாருக்கும் ஒன்றும் வராவிட்டால் எறியலாம். வந்தால், உங்கள் வீட்டுப் பெண்களுக்காகப் பேச அந்தப் போத்தல் இருக்கும்.

---

உப்புவெளி_மலர் (அடுத்த செவ்வாய்)

பெரியம்மா நேற்று இல்லத்துக்குத் திரும்பிவிட்டார். போன சனிக்கிழமைக்குப் பிறகு புதிதாக யாருக்கும் வரவில்லை. பரிசோதகர் இன்னும் ஒரு கிழமை பார்த்துவிட்டுத்தான் முடிந்தது என்று எழுதுவாராம். பின்பக்க நடையில் இரண்டு குழாய் வாளி வைத்தாகிவிட்டது. சமையல் அக்கா இப்போது துணி மடிக்கிறார், சம்பளம் வெட்டவில்லை. கொப்பியை நிறுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் காலை எல்லோருடைய சூட்டையும் அளந்து, மலம் எத்தனை தரம் என்றும் கேட்டு எழுதுகிறார்கள். தம்பி, பலகையோடு நீங்கள் வரும் நாளைத் தனிமடலில் சொல்லுங்கள், நான் அங்கே நிற்கிறேன்.